உடம்பைச் சோதிக்கும் அரசும் உடம்பை எழுதும் நாவலும்

1979 ஜனவரி. இந்தியாவிலிருந்து லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் வந்து இறங்கினார் 35 வயது ஆசிரியை ஒருவர். பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளி ஆண் ஒருவரை மணப்பதற்காக வந்திருந்தார். அன்றைய விதிப்படி, கல்யாணம் செய்துகொள்ள வரும் பெண் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கல்யாணமான மனைவி என்றால் வாங்கியாக வேண்டும். அதற்கு நெடுநாள் காத்திருக்கவும் வேண்டும். வந்தவர் மணமாகாதவர்தானா என்று குடிவரவு அதிகாரிகளுக்குச் சந்தேகம். அவர் சொன்ன பதில் அவர்களுக்குப் போதவில்லை. மருத்துவரைக் கொண்டு அவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள்.

பிப்ரவரி 1-ம் தேதி ‘கார்டியன்’ நாளிதழ் இதை அம்பலப்படுத்தியது. இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. பிரிட்டிஷ் அரசு அந்தச் சோதனையைக் கைவிட்டது. எங்கோ ஒரு அதிகாரி அத்துமீறிவிட்டார் என்பதுபோல விவகாரம் ஓய்ந்தது. பழைய அரசுக் கோப்புகளைத் துருவிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-ல் வேறு கதை சொன்னார்கள்: 1970-களின் பிற்பகுதியில் குறைந்தது 80 பெண்கள் இந்தச் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நடந்தது இந்திய மண்ணில் இயங்கிய பிரிட்டிஷ் அலுவலகங்களில். அதே காலத்தில், பிரிட்டனில் இருக்கும் அப்பாவிடம் போய்ச் சேர விண்ணப்பித்த துணைக்கண்டத்துப் பிள்ளைகளின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து, சொன்ன வயது சரிதானா என்று பார்க்கும் வழக்கமும் இருந்தது.

இந்தக் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவை பிரிட்டனில் குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் எழுதிய நாவல்கள். அவற்றைப் பற்றிப் பேசும்போது ‘அடையாளச் சிக்கல்’, ‘இரு கலாச்சாரங்களுக்கு இடையே தவிப்பு’ என்ற இரண்டு சொற்றொடர்களோடு நின்றுவிடுவது நம்முடைய ஆங்கில இலக்கிய வகுப்பறைகளில் வாடிக்கை. தவிப்பு மனதில் நடப்பது, பாடத்துக்கு வசதியானது. நாவல்களைத் திறந்தால் கண்ணில் படுவதோ தலைமுடி, பல், கால் ஆணி, குளிர், பசி, வியர்வை. சோதனை அறையில் மற்றவர்கள் படித்துத் தீர்ப்பெழுதிய உடம்பை, அதற்குள் இருப்பவர்களே எழுத எடுத்த முயற்சி அது. அந்த வகையில் படித்தால்தான் இந்த நாவல்களின் கூர்மை பிடிபடும்.

சாம் செல்வனிடமிருந்து தொடங்குவது பொருத்தம். டிரினிடாடில் பிறந்தவர். அவருடைய தந்தை மதராஸிலிருந்து அங்கு போன கிறிஸ்தவர். 1950-ல் லண்டனுக்குக் கப்பலேறிய செல்வன், 1956-ல் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ நாவலை வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்த ஆண்களின் கதை அது. அவர்களின் பேச்சு ஆங்கிலத்திலேயே கதை முழுவதும் நடக்கும்.

அதில் கலஹாட் என்றொருவன். கடுங்குளிரில் மெல்லிய உடுப்போடு, கையில் மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் வந்து நிற்கிறான். அழைத்துப்போக வந்த மோசஸ் அவனை ஏற இறங்கப் பார்த்துத் திகைக்கிறான். கலஹாட்டுக்குக் குளிரவில்லை! பனிக்காலத்தில் அவனுக்கு வியர்க்கும். கோடை வந்தால் நடுங்குவான். புது நாட்டின் தட்பவெப்பத்துக்குத் தலைகீழாக நடந்துகொள்ளும் இந்த உடம்பைச் செல்வன் விளக்க முற்படவில்லை. சிரிக்கவைத்துவிட்டு நகர்கிறார். ‘ஒட்டாமை’ என்று கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்வது அந்த வியர்வையிலேயே வந்துவிடுகிறது.

இதே கலஹாட் பிறகு ஒரு நாள் தன் கையைப் பார்த்து அதன் நிறத்தோடு தனியாகப் பேசுகிறான். இத்தனை தொல்லைக்கும் நீதானே காரணம், நீ நீலமாகவோ பச்சையாகவோ இருந்திருக்கக் கூடாதா என்பது அவன் வழக்கு. தன்னை அல்ல, தன் நிறத்தைத்தான் வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தோழனிடம் ஒரு புதுக் கண்டுபிடிப்பைப் போலச் சொல்கிறான். வேலை போன ஒரு குளிர்காலத்தில் கென்சிங்டன் தோட்டத்துப் புறாவைப் பிடித்துச் சமைத்துத் தின்கிறான். அவன் புறாவைப் பிடிப்பதைப் பார்த்த மூதாட்டி போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்துகிறார். அந்த ஊரில் புறாவுக்குத் தீனி போட ஆள் இருக்கிறது. கலஹாட்டின் காலி வயிறு யார் கண்ணிலும் படவில்லை.

1962-ல் லாகோஸிலிருந்து லண்டன் வந்த புச்சி எமெச்செட்டா எழுதியது இன்னும் நெருக்கடியான உடம்பு. 1974-ல் வந்த ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலின் ஆடா, வாடகைக்கு வீடு தேடுகிறாள். அறிவிப்புப் பலகைகளில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்த காலம். வீட்டுக்காரம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குரலை ஆங்கிலேயப் பெண்ணின் குரலாக மாற்றப் பார்க்கிறாள் ஆடா. குரல் தேறிவிடுகிறது. நேரில் போய் நின்றதும் அந்த அம்மாள் திடுக்கிடுகிறார்; வீடு இப்போதுதான் போய்விட்டது என்கிறார். கருத்தடைச் சாதனம் வாங்குவதற்கான படிவத்தில் கணவன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவள் தானே போட்டுவிடுகிறாள். கணவனுக்குத் தெரியவரும்போது அடி விழுகிறது. வீட்டுக்காரம்மா, மருத்துவமனைப் படிவம், கணவன் என்று ஒரே உடம்புக்கு மூன்று அதிகாரிகள். புலம்பெயர்ந்த ஆண் எழுத்தாளர்களின் பக்கங்களில் அதிகம் தென்படாத பகுதி இது. நிறவெறியை எதிர்ப்பவன் வீட்டுக்குள் என்ன செய்கிறான் என்பதையும் சேர்த்து எழுதிய துணிச்சல் எமெச்செட்டாவுடையது.

அடுத்த தலைமுறை பிரிட்டனிலேயே பிறந்தது. அதற்குக் குளிர் புதிதல்ல; மொழி அந்நியமல்ல. ஆனாலும் எந்த ஊர் என்ற கேள்வி அதன் முகத்தைப் பார்த்ததுமே வந்துவிடும். இந்தக் கேலிக்கூத்தை ஹனீப் குரேஷி அளவுக்கு யாரும் நையாண்டி செய்ததில்லை. லண்டனை ஒட்டிய புரோம்லியில் பிறந்தவர். அவருடைய தந்தையும் மதராஸ் குடும்பத்துப் பிள்ளைதான். 1990-ல் வந்த ‘தி புத்தா ஆஃப் சபர்பியா’ நாவலின் கரீம், ஆங்கிலேயத் தாய்க்கும் இந்தியத் தந்தைக்கும் பிறந்தவன். நடிகனாக ஆசை. முதல் வாய்ப்பு ‘ஜங்கிள் புக்’ நாடகத்தில் மௌக்லி வேடம்.

ஒத்திகையில் இயக்குநருக்கு ஒரு குறை: கரீம் போதுமான இந்தியனாக இல்லை. அவன் தோல் போதுமான பழுப்பாக இல்லை என்று உடம்பெல்லாம் பழுப்பு நிற மை பூசுகிறார்கள். இடுப்பில் ஒரு துண்டு. தென் லண்டன் வாடையடிக்கும் அவன் பேச்சு போதாது என்று, இந்தியர்கள் பேசுவதாக ஆங்கிலேயர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் தொனியில் பேசச் சொல்கிறார்கள். பிறந்ததிலிருந்து பார்க்காத ஒரு நாட்டின் ஆளாக அவன் வேடம் கட்டியாக வேண்டும். நாடகம் பார்க்க வந்த தந்தை கொதிக்கிறார். சிறுவயதுத் தோழி ஜமீலா, இருக்கிற தப்பெண்ணங்களுக்கு நீயும் தீனி போட்டுவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

குரேஷி இதோடு நிறுத்தாமல் தன் பக்கத்து ஆட்களையும் விசாரிக்கிறார். மகள் ஜமீலாவைத் தான் சொல்லும் மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்க அன்வர் உண்ணாவிரதம் இருக்கிறார். வெள்ளையரசை எதிர்த்துக் காந்தி எடுத்த ஆயுதம், லண்டன் மளிகைக்கடை மாடியில் சொந்த மகளுக்கு எதிராகத் திரும்புகிறது. அவள் பணிகிறாள். பம்பாயிலிருந்து வந்து இறங்கும் மாப்பிள்ளைக்கு ஒரு கை சூம்பியிருக்கிறது. கடையில் மூட்டை தூக்கவும் பேரன் பேத்தி பெற்றுத் தரவும் கனவு கண்ட மாமனாருக்கு இரண்டிலும் மண். பின்னால் கரீம் இந்த அன்வரையே மேடையில் நடித்துக் காட்டும்போது, குழுவிலிருக்கும் கறுப்பின நடிகை எதிர்ப்புத் தெரிவிக்கிறாள். வெள்ளைக்காரர்கள் நம்மைப் பற்றி ஏற்கெனவே நினைப்பதைத்தானே நீ மறுபடி காட்டுகிறாய் என்பது அவள் கேள்வி. நடந்ததைத்தானே காட்டினேன் என்பது கரீமின் கட்சி. யார் பக்கம் நியாயம் என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை.

உடம்பை எழுதுவதை ஆட்சேபிப்பவர்களின் முக்கியமான வாதமும் அந்த நடிகையின் கேள்விதான். நிறவெறி ஒரு மனிதரை நிறமாகவும் முடியாகவும் மூக்காகவும் சுருக்குகிறது. நாவலாசிரியரும் அதையே ஏன் எழுத வேண்டும்? நியாயமான கேள்வி. சேலையும் மருதாணியும் அட்டையில் மின்ன, மசாலா மணக்கும் வாக்கியங்களோடு வெளிவந்த பல நாவல்களுக்கு இந்தக் கேள்வியைத் தாங்கும் வலு இல்லை. அங்கே உடம்பு விற்பனைச் சரக்கு. பூசிய மையோடு நிற்கும் மௌக்லி. நல்ல நாவலில் உடம்பு உழைக்கிறது, வலிக்கிறது, மூப்படைகிறது, தப்பான முடிவும் எடுக்கிறது. ஆகவே உடம்பை எழுதலாமா என்று கேட்பதைவிட, எழுதிய உடம்பு யாருக்காக மேடையேறுகிறது என்று கேட்பது பயன் தரும்.

ஸேடி ஸ்மித்தின் ‘வைட் டீத்’ (2000) இதற்குச் சரியான சோதனை. வில்ஸ்டன் பகுதியில் வளரும் ஐரி ஜோன்ஸின் தாய் ஜமைக்காக்காரி, தந்தை ஆங்கிலேயர். பாட்டி வழியில் வந்த பருத்த உடல், சுருட்டை முடி. தான் விரும்பும் மில்லத்துக்குப் பிடிக்கும் என்று நேரான முடி வேண்டி அழகு நிலையத்துக்குப் போகிறாள். அன்று தலைக்குக் குளித்துவிட்டுப் போனதுதான் வினை; அழுக்கும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் அம்மோனியா மருந்து தோலை அவ்வளவு சுட்டிருக்காது. மண்டை எரிகிறது, முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. கடைசியில் வேறு யாருடையதோ நேரான முடியைக் காசு கொடுத்து வாங்கித் தலையில் பின்னிக்கொள்கிறாள். அந்தக் கோலத்தில் மில்லத்தின் வீட்டுக்குப் போனால் மில்லத் இல்லை; அங்கிருக்கும் பெண்கள் அவள் அலங்காரத்தைப் பார்த்து நொந்துகொள்கிறார்கள்.

ஐரியின் தாய் கிளாராவுக்கு இளம் வயதில் ஸ்கூட்டர் விபத்தில் மேல்வரிசைப் பற்கள் போய்விட்டன. அது பொய்ப்பல் என்பது மகளுக்கே பல வருடம் தெரியாது. ஐரியின் தலைமுடியும் கிளாராவின் பல்வரிசையும் பேசும் ஒரே விஷயம், புது நாட்டில் முகத்தைச் சீராக வைத்துக்கொள்ள ஆகும் செலவு. ஸ்மித் இதைக் கண்ணீர்க் கதையாக்கவில்லை. நகைச்சுவையாகவே நடத்திப் போகிறார். இந்தச் சந்தையின் மறுமுனை நமக்கு மிகப் பக்கம். திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் முடிக்காணிக்கையாகத் தருவது ஏலத்துக்கு வந்து, சவுரியாகவும் விக்காகவும் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது. ஐரியைப் போன்ற ஒரு பெண் லண்டனில் வாங்குவது இங்கே யாரோ வேண்டுதலுக்கு இறக்கிய முடியாகவும் இருக்கலாம்.

மோனிகா அலியின் ‘பிரிக் லேன்’ (2003) இன்னும் அடங்கிய குரல். வங்கதேசக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் கிழக்கு லண்டன் அடுக்ககத்துக்கு மனைவியாக வந்து சேர்கிறாள் நஸ்னீன். கணவன் சனுவுக்கு நாற்பது வயது; வாய் ஓயாமல் பேசும், பட்டங்களைச் சட்டம் போட்டு மாட்டும், பதவி உயர்வு கிடைக்காத மனிதன். இங்கிலாந்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் பெருமை பற்றி அவன் பிரசங்கம் செய்யும்போது, நஸ்னீன் கீழே உட்கார்ந்து அவன் கால் ஆணிகளைச் சீவிக்கொண்டிருப்பாள். அவன் முகமே பெரிதாகத் தெரியாத உயரத்திலிருந்து அவள் பார்க்கும் கல்யாணம் அது. காதல், கடமை, அருவருப்பு, இரக்கம் நான்கும் அந்த ஒரு வேலையில் கலந்து கிடக்கின்றன. பிறகு அவள் வீட்டிலேயே தையல் வேலை எடுக்கிறாள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கைக்குக் காசு வருகிறது. ஒரு கட்டத்தில் நரம்பு தளர்ந்து படுக்கையில் விழவும் செய்கிறாள். வந்த புதிதில் தொலைக்காட்சியில் அவள் வாய்பிளந்து பார்த்தது பனிச்சறுக்கு நடனம். கதையின் முடிவில் பிள்ளைகளும் தோழியும் அவளைச் சறுக்கு அரங்குக்கு அழைத்துப் போகிறார்கள். சேலையோடுதான்.

இந்த நாவலுக்கு எதிர்ப்பும் உடம்பை வைத்தே எழுந்தது. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியினரைப் படிப்பறிவற்றவர்கள், அழுக்கர்கள் என்று சனு இளக்காரமாகப் பேசுவது அங்குள்ள வங்கதேசத்தவர் சிலரைக் கொதிக்கவைத்தது. 2006-ல் நாவலைப் படமாக்கியபோது படப்பிடிப்புக்கு எதிராக ஊர்வலம் நடந்தது; படக்குழு பிரிக் லேனை விட்டு வேறிடம் பார்த்துக்கொண்டது. பாத்திரத்தின் பேச்சை ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொண்ட தவறு அதில் இருந்தது. வெளியார் பார்வையில் காலமெல்லாம் அழுக்கராகவே காட்டப்பட்டவர்களின் பழைய காயமும் இருந்தது. இரண்டாவதைக் காணாமல் முதலாவதை மட்டும் கேலி செய்த லண்டன் விமர்சகர்கள், தாங்கள் பாராட்டிய நாவலைச் சரியாகப் படித்தவர்கள் என்று சொல்ல முடியாது.

ஈழத் தமிழர்களுக்கு இந்தப் பேச்சு இலக்கியத்தோடு முடிவதில்லை. 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று. மனுதாரர் இலங்கைத் தமிழர். தீர்ப்பில் அவர் பெயர் ‘கே.வி.’ என்ற இரண்டு எழுத்து மட்டுமே. தடுப்புக் காவலில் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சூடு வைத்தார்கள் என்பது அவர் வாக்குமூலம். முதுகிலும் கையிலும் தழும்புகள். தழும்பு இருப்பதை யாரும் மறுக்கவில்லை. தஞ்சம் கேட்பதற்காக அவரே வேறொருவரைக் கொண்டு சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் முடிவுசெய்திருந்தது. தழும்பின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா, சூடு விழுந்தபோது உடம்பு அசைந்ததா, மயங்கிக் கிடந்ததா என்பதுவரை வாதம் போனது. உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. தானாகச் சூடு போட்டுக்கொள்வது மிக மிக அபூர்வம் என்பதையும் சுட்டிக்காட்டியது.

ஒரு மனிதரின் முதுகு இத்தனை வருடம் நீதிமன்றம் நீதிமன்றமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார், முடிதிருத்தும் கடையில் சட்டையைத் தளர்த்தத் தயங்குவாரா என்பதெல்லாம் தீர்ப்பில் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. அது நாவலின் வேலை. 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து லண்டன் வந்த அ. சிவானந்தன், வந்த கையோடு நாட்டிங் ஹில் நிறவெறிக் கலவரத்தைப் பார்த்தவர். 1997-ல் ‘வென் மெமரி டைஸ்’ நாவலை எழுதினார். செவிலியாகப் பயிற்சி பெற்று லண்டனில் குடியேறிய ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம், அந்த நகரத்து வாழ்க்கையைத் தமிழிலேயே நாவல்களாக்கினார். தொடக்கம் இருக்கிறது. ஆனால் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பெட்ரோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு வேலை பார்த்த ஒரு தலைமுறையின் முதுகுவலியும் தூக்கமின்மையும் இன்னும் போதிய அளவுக்குப் புனைவில் ஏறவில்லை. போரும் ஊர் ஏக்கமும் எழுதப்பட்ட அளவில் ஒரு பங்குகூட அது இல்லை.

அரசு தன் பங்குக்கு வாசிப்பை நிறுத்தவில்லை. 1980-களில் கைவிடப்பட்ட எக்ஸ்ரே சட்டத்தில் திரும்பி வந்திருக்கிறது. தனியாக வந்து தஞ்சம் கேட்கும் சிறுவர்களின் வயதைக் கண்டறியப் பல்லையும் எலும்பையும் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்க வழிசெய்யும் விதிகள் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. முகத்தைப் படம்பிடித்துச் செயற்கை நுண்ணறிவால் வயதை மதிப்பிடும் திட்டத்தை 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. பெரியவர்கள் சிறுவர் என்று ஏமாற்றிச் சிறுவர் காப்பகத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பட்டினியும் பயணமும் பயமும் ஒரு பதினாறு வயது முகத்தை எவ்வளவு மூப்பாக்கும் என்பது எந்தக் கணக்கில் வரும்?

தமிழ் வாசகர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. லண்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது எழுதத் தொடங்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வந்தால் நாம் முதலில் கேட்கப்போவது என்ன? பனைமரம், ஷெல்லடி, அம்மாவின் கறிமணம், விட்டுவந்த வீடு. பெற்றோரின் தழும்பைப் பிள்ளைகளும் தங்கள் உடம்பில் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது. அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு வேறு கதைகள் இருக்கும்: பள்ளியில் கேலிக்கு ஆளான கைமுடி, பூப்படைந்ததற்கு எடுத்த சாமத்திய வீட்டில் உடுத்திவிட்ட சேலையின் கனம், வெள்ளைக்காரத் தோழன் வீட்டில் சாப்பிட்ட முதல் மாட்டிறைச்சி, விமான நிலையத்தில் அப்பாவை மட்டும் தனியே அழைத்துச் சோதிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற பத்து நிமிடம். இவற்றைத் தள்ளிவிட்டு ஈழத்தை மட்டுமே எழுதச் சொன்னால், கரீமின் தோல் போதுமான பழுப்பாக இல்லை என்ற இயக்குநருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.